தாகம் மறந்தவர்

ஜீப் நின்றதும் இருளாயிக்கு முதலில் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. ஏழு மணி நேரம் எஞ்சின் இரைச்சலைக் கேட்டுப் பழகிய காதுக்கு, இப்போது எதுவுமே கேட்கவில்லை. காற்றில்லை, பறவையில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மணல். வெயில் சாய்கிற பக்கம் அது செம்மண் போலச் சிவந்தும், மறுபக்கம் கோதுமை மாவு போல வெளுத்தும் கிடந்தது. மேடுகளின் விளிம்பு கத்தியால் சீவியது மாதிரி இருந்தது.

அந்த அரபு நாட்டின் தெற்கு மூலையில், கடைசித் தார்ச்சாலை முடிந்து எழுபது கிலோமீட்டர் தள்ளி அந்த முகாம் இருந்தது. ஆறு கூடாரங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி. இரண்டு நாள் பாலைவனத்தில் நடக்க ஆசைப்படும் பயணிகளுக்காக நடத்துகிறார்கள்.

கூடாரத்திலிருந்து தலைத்துணி கட்டிய ஒரு மனிதர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, நரைத்த தாடி.

"மதுரையிலேர்ந்து வர்றவங்க நீங்கதானா? வாங்க, வாங்க. நான் இளம்பரிதி. இங்க வழிகாட்டியும் நான்தான், டாக்டரும் நான்தான். தமிழ் பேசி எட்டு மாசம் ஆச்சு."

மூன்று வருடமாக மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்த முகம். அப்போது பத்திரிகைப் படத்தில் தாடி இல்லை, கோட்டு போட்டிருந்தார். இருளாயி கும்பிட்டாள்.

"வேற யாரும் வரலையா டாக்டர்?"

"கோடை ஆரம்பிச்சுடுச்சு. நாலு பேர் கேன்சல் பண்ணிட்டாங்க. இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி நடை. நாளைக்குக் காலையில கிளம்புவோம். டிரைவர் ஹம்தான் வண்டியோட கிணத்தடியில காத்திருப்பார். இருபது கிலோமீட்டர். முடியுமில்ல?"

"நர்ஸுங்க டாக்டர் நான். நடக்கறதுதான் பொழப்பே."

அவர் சிரித்தார்.

இருளாயிக்கு நாற்பத்துமூன்று வயது. சொந்த ஊர் கமுதிப் பக்கம். மதுரையில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் வார்டில் பதினாறு வருடமாக வேலை. அவள் கணவன் பூவலிங்கம் இதே மணலில்தான் செத்துப்போனான். இங்கிருந்து கிழக்கே, சூரிய ஒளி மின்சாரப் பண்ணையில் பலகை பொருத்தும் வேலைக்கு வந்த இடத்தில். அவனோடு இன்னும் மூன்று பேர். நால்வரும் கமுதி, அபிராமம் பக்கத்து ஆட்கள், ஒரே குழு. பூவலிங்கம்தான் குழுத் தலைவன். உடலோடு ஒரு விசாரணைக் கடிதமும் வந்தது. அதில் ஒரு வரியை இருளாயி மனப்பாடமாகச் சொல்வாள்: 'குடிநீர் கைவசம் இருந்தும் அருந்தத் தவறியதால், தம் கவனக்குறைவால் மரணமடைந்தார்.' பையில் இரண்டு லிட்டர் பாட்டில், மூடி திறக்கப்படாமல் இருந்ததாம். அந்தக் கடிதத்தின் கீழே இருந்த கையெழுத்து, பண்ணையின் மருத்துவ அதிகாரி இளம்பரிதியுடையது.

கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. டாக்டர் எங்கே போனார் என்பது யாருக்கும் தெரியவில்லை. போன மாசி மாதம் யாரோ ஒரு பயணி இணையத்தில் போட்டிருந்த பாலைவனப் படமொன்றில், ஓரமாக நின்ற வழிகாட்டியின் முகம் அவள் கண்ணில் பட்டது.

மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அவள் பையில், உள்ளாடைகளுக்கு நடுவே, ஒரு பொட்டு இருந்தது. பண்ணைத் தொழிலாளர்கள் அதை அப்படித்தான் சொன்னார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமான வில்லை. வார்டிலிருந்து எடுத்து வந்தது. நடந்து களைத்துத் தூங்கும்போது டாக்டரின் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம்.

சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மணிக்கட்டிலிருந்த கடிகாரம் உறுமியது. பேச்சை நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த தண்ணீரை மருந்து குடிப்பது போல முழுதும் குடித்தார்.

"என்ன டாக்டர், தண்ணி குடிக்கறதுக்குக்கூட அலாரமா?"

"எனக்குத் தாகம் எடுக்காதும்மா." சாதாரணமாகச் சொன்னார். "நீங்க எந்த வார்டு?"

"டயாலிசிஸ்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. காதுக்குப் பின்னால ஒட்டறது."

"எங்க வார்டுல முப்பது பேருக்கு ஒட்டியிருக்கோம். முன்னாடியெல்லாம் ஒரு ஐஸ் கட்டி குடு தாயின்னு காலைப் பிடிச்சு அழுவாங்க. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணி, அதுக்கு மேல குடிச்சா நெஞ்சுல நீர் கோத்துக்கும். இதை ஒட்டினதும் அழுகையே நின்னு போச்சு."

"அதுக்காகத்தான் செஞ்சோம்." அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "கழுத்து வழியாப் போற நரம்புக்கு லேசா மின்சாரத் துடிப்புக் குடுக்கும். நீ குடிச்சாச்சு, போதும்னு மூளைக்குச் சேதி போகும். உடம்பு காய்ஞ்சு கிடந்தாலும் மூளை நம்பிடும். என் உடம்புலதான் முதல்ல சோதிச்சேன். அஞ்சு வருஷம் விடாம ஒட்டியிருந்தேன். கழட்டின பிறகும் தாகம் திரும்பி வரலை. நரம்பு மறந்து போச்சு. இந்தக் கடிகாரம் இல்லேன்னா, இந்த ஊர்ல ஒரு நாள் தாங்க மாட்டேன்."

இருளாயி கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தாள். பையிலிருக்கும் வில்லை இவரை ஒன்றும் செய்யாது என்பது புரிந்தது. அதைவிடச் சுலபமான வழி ஒன்று எதிரே, அவர் மணிக்கட்டில் இருப்பதும் புரிந்தது.

"அப்புறம் ஏன் டாக்டர் இங்க வந்தீங்க?"

"ஒரு சோலார் கம்பெனி கூப்பிட்டாங்க. வெயில்ல வேலை செய்யறவங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணிக்கு ஓடறாங்க, வேலை நடக்கலைன்னாங்க. பொட்டு ஒட்டுங்க, அரை மணிக்கு ஒரு தடவை அதுவே அதிர்ந்து குடிக்கச் சொல்லட்டும்னு ஏற்பாடு. தாகத்தை விட அது ஒழுங்காவே இருந்துச்சு. முந்நூறு பேருக்கு ஒட்டினேன்." சற்று நிறுத்தினார். "அப்புறம் நாலு பேர் செத்தாங்க."

"யாரு தப்பு?"

"தொழிலாளர் கவனக்குறைவுன்னு எழுதினாங்க."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டேன்." அவர் எழுந்துகொண்டார். "அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் என்னைச் சேர்த்துக்கலை. எனக்கு இந்த மணல் தெரியும். அதனால இங்கேயே வேலை தேடிக்கிட்டேன். தூங்குங்க. சீக்கிரம் கிளம்பணும்."

வருத்தப்பட்ட மாதிரிதான் சொன்னார். அந்த வருத்தம் அவளுக்கு எரிச்சலைத்தான் கொடுத்தது. வருத்தப்பட்டுக்கொண்டே தேநீர் குடிக்க இவருக்கு முடிகிறது.

விடிந்ததும் கிளம்பினார்கள். மணல் அப்போது ஈரத்துணி போலக் குளிர்ந்திருந்தது. நரி ஒன்று நடந்துபோன தடம் கோலப்புள்ளி மாதிரி மேட்டில் ஏறி இறங்கியிருந்தது. நிழல் துணியும் கம்புகளும் அவர் முதுகில். தண்ணீர்ப் பாட்டில்கள் அவள் முதுகில். அவளேதான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவர் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே வந்தார். கடிகாரப் பட்டைக்குக் கீழே வேர்க்குரு வெடித்துச் சிவந்திருந்தது.

"இதை இப்படியே விட்டா சீழ் வச்சுரும் டாக்டர். கழட்டுங்க, மருந்து போடறேன். இன்னிக்கு ஒரு நாள் காத்துப்படட்டும்."

"கடிகாரம் வேணுமேம்மா."

"என்கிட்ட குடுங்க. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் தண்ணி குடுக்கறேன். பதினாறு வருஷமா மணி பார்த்து மருந்து குடுக்கறவ நான்."

அவர் தயங்காமல் கழற்றிக் கொடுத்தார். ஒரு நர்ஸை டாக்டர் நம்புகிற அதே நம்பிக்கை. களிம்பு தடவிக் கட்டுப் போட்டாள். கடிகாரத்தைத் தன் பைக்குள் போட்டபோது அதை ஊமையாக்கினாள்.

முதல் மூன்று முறை சரியாகத் தண்ணீர் கொடுத்தாள். நான்காவது முறை கொடுக்கவில்லை.

வெயில் ஏறியது. தூரத்து மேடுகள் அடியில் அறுபட்டு ஆகாயத்தில் மிதப்பது போலத் தெரிந்தன. செருப்பைத் தாண்டி மணல் சுட்டது. ஒரு சரிவில் இறங்கும்போது காலுக்கடியில் மணல் சரிந்து, எங்கோ லாரி வருவது போல முனகியது. இருளாயி திடுக்கிட்டு நின்றாள்.

"பயப்படாதீங்க. மணல் உரசற சத்தம்," என்றார். பிறகு, "தண்ணி குடிச்சு நேரமாச்சோ?" என்று கேட்டார்.

"இப்பத்தானே குடிச்சீங்க. அந்த மேட்டுல."

"அப்படியா?"

"ஆமா டாக்டர். இன்னும் நேரம் இருக்கு."

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். மறுத்துச் சொல்ல அவர் உடம்பில் எந்தச் சாட்சியும் இல்லை. நாக்கு வறண்டிருந்தாலும் அது அவருக்குச் சொல்லாது. இருளாயி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தன் பாட்டிலைத் திறந்து குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது இத்தனை இனிப்பாக அவள் ஒருபோதும் உணர்ந்ததில்லை. நெஞ்சுக்குள் ஒரு குரூரமான நிறைவு பரவியது. குடி, குடி என்று தனக்கே சொல்லிக்கொண்டு இன்னொரு மடக்கு குடித்தாள்.

இன்னும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே பதில். அதற்கப்புறம் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு மேல், பூவலிங்கம் வேலை செய்த அந்தப் பண்ணை தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பலகைகள். பாதி மணலுக்குள் புதைந்து, மீதி கருப்பாக வானத்தைப் பார்த்துக்கொண்டு. டாக்டரின் நடை அப்போதே தள்ளாடத் தொடங்கியிருந்தது. வியர்வை நின்றுபோய் முகம் காய்ந்த தோல் மாதிரி ஆகியிருந்தது. வார்டில் எத்தனையோ பேரிடம் பார்த்த அறிகுறிகள். வரிசையாக, தவறாமல் வந்துகொண்டிருந்தன.

"வண்டி வந்துடுச்சா?" என்றார் திடீரென்று. வண்டி எதுவும் இல்லை. ஒரு பலகையின் நிழலில் சரிந்து உட்கார்ந்தார்.

இருளாயி எதிரே நின்றாள்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"மதுரை... நர்ஸ்."

"பூவலிங்கம் பொண்டாட்டி."

அவர் கண்கள் மெதுவாக அவள் மேல் நிலைத்தன. புரிந்துகொள்ள வெகுநேரம் ஆனது. புரிந்தபோது அவர் முதலில் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு அவள் பையை.

"காலையிலேர்ந்து... நான் குடிக்கவே இல்லையா?"

"மூணு தடவை. அதுக்கப்புறம் நாலு மணி நேரமா இல்ல." அவள் பாட்டிலை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இந்தா இருக்கு. கைவசம் இருந்தும் அருந்தத் தவறினார். உன் கவனக்குறைவுன்னு நானும் எழுதிக் குடுக்கறேன். பொட்டு அரை மணிக்கு ஒரு தடவை அதிர்ந்ததை ரெண்டு மணியா மாத்திட்டாங்கன்னு அவர்கூட வேலை செஞ்சவங்க சொன்னாங்க, மாத்தினது யாரு? நீதானே?"

"நான்தான்."

"எதுக்குடா மாத்தினே?"

உதட்டை நனைக்கப் பார்த்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன.

"கம்பெனி ஆறு மாசமாக் கேட்டுது. மாட்டேன்னுட்டேன். அப்புறம்... உங்க வீட்டுக்காரர் வந்தார்."

"செத்தவர் மேல பழியப் போடாதே!"

"வேலையை முடிச்ச குழு முதல்ல ஊருக்குப் போகலாம்னு கம்பெனி சொல்லியிருந்துது. 'சார், ரெண்டு மணிக்கு ஒரு தடவை குடிச்சாப் போதும் சார். நாங்க கரிசக்காட்டு ஆளுக. சூரியன் எங்களுக்குச் சம்பந்தக்காரன் மாதிரி'ன்னார். மகளுக்குச் சடங்கு வச்சிருக்கு, பத்தாம் தேதிக்குள்ள போயே ஆகணும், போகலேன்னா வீட்டுல மூஞ்சியில முழிக்க மாட்டாளாம்னு..."

இருளாயியின் கை தானாகக் கீழே இறங்கியது.

சூரியன் எங்களுக்குச் சம்பந்தக்காரன். பூவலிங்கம் கல்யாணத்துக்கு மறுநாளே அவளிடம் சொன்னது அது. வயலிலிருந்து கருத்துப்போய் வரும்போதெல்லாம் சொல்வது. இவரால் அதை இட்டுக்கட்டியிருக்க முடியாது. மகள் சடங்குக்கு வராவிட்டால் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன் என்று போனில் கத்தியது இருளாயிதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அவர் கேட்டதும் எனக்கு வசதியாப் போச்சு," என்றார் இளம்பரிதி. "தொழிலாளியே கேட்டுட்டார், இனிமே என் பொறுப்பு இல்லைன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மத்த மூணு பேரை ஒரு வார்த்தை கேட்கலை. நான் டாக்டர். நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

கண் செருக ஆரம்பித்தது. அவர் முகத்தில் வேதனை எதுவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்கிற மனிதனைப் போலப் பலகையில் தலையைச் சாய்த்தார்.

இருளாயிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தண்ணி கேளு! கேளுய்யா! ஒரு தடவையாவது வாயைத் திறந்து தண்ணி வேணும்னு கேளு!"

அவர் அவளைப் புரியாமல் பார்த்தார். கண்ணுக்கு முன்னால் பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவர் ஒரு பொருளாகக்கூடப் பார்க்கவில்லை. கெஞ்ச வேண்டும், தவிக்க வேண்டும், பூவலிங்கம் பட்டதைப் பட வேண்டும் என்றுதான் இத்தனை தூரம் வந்தாள். இப்போதுதான் தெரிந்தது, பூவலிங்கமும் எதுவும் பட்டிருக்க மாட்டான். இப்படித்தான் ஏதாவது ஒரு பலகையில் சாய்ந்து, ஊருக்குப் போகும் தேதியை எண்ணிக்கொண்டே கண்ணை மூடியிருப்பான்.

அவள் பக்கத்தில் மண்டியிட்டுப் பையைத் திறந்தாள். பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தைப் பிரித்துப் பாட்டிலில் கொட்டிக் குலுக்கினாள். அவர் தலையை மடியில் தூக்கி வைத்து, மூடியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். அதில் இரக்கம் இருந்ததா என்று பிறகு அவள் பலமுறை யோசித்தாள். கை பழகின வேலையைச் செய்தது என்பதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

இருவரும் நேரத்துக்குக் கிணற்றடிக்கு வந்து சேராததால் ஹம்தான் வண்டியை எடுத்துக்கொண்டு தேடி வந்தார். அவர் வந்தபோது டாக்டர் தாமாகவே பாட்டிலைப் பிடித்துக் குடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். என்ன ஆயிற்று என்று ஹம்தான் கேட்டதற்கு, "என் கவனக்குறைவு," என்றார் அரபியில். அந்தச் சொற்களை இருளாயிக்கு மொழிபெயர்த்தும் சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போலீஸ்ல சொல்லணும்னா சொல்லுங்க," என்றாள் முகாமுக்குத் திரும்பியதும்.

"போலீஸ் வேண்டாம்மா. என்ன செய்யணும் நான்?"

"நடந்ததை எழுதிக் குடுங்க. நீங்க செஞ்சது, என் வீட்டுக்காரர் செஞ்சது. ரெண்டையும். நான் சொல்லி எழுதின மாதிரி இருக்கக் கூடாது."

அவர் மறுநாள் காலை முழுக்க உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினார்.

ஊருக்கு வந்த மறுநாள் இருளாயி அபிராமத்தில் பஸ் இறங்கி, பஞ்சவர்ணத்தின் ஊருக்கு ஆட்டோ பிடித்தாள். பூவலிங்கத்தோடு செத்த மூன்று பேரில் இளையவன் முனியராஜ். அவன் மனைவி பஞ்சவர்ணம். இருபத்தொன்பது வயது. முனியராஜ் செத்தபோது கல்யாணமாகிப் பதினோரு மாதம். களத்தில் காயப்போட்ட குண்டு மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தவள், இவளைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்கக்கா. எப்ப வந்தீக? வெளிநாடு போயிருக்கீகன்னு சொன்னாக."

இருளாயி உட்காரவில்லை. நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்துக் காட்டினாள். பூவலிங்கத்தின் பெயர் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தவில்லை. போனில் தான் சொன்னதையும், கடிகாரம் இல்லாமல் தாகம் தெரியாத டாக்டரைத் தான் தண்ணீர் கொடுக்காமல் நடத்தி அவர் மயங்கிப் பிழைத்ததையும் சொன்னாள்.

பஞ்சவர்ணம் கடைசி வரி வரை கேட்டாள். முடிந்ததும், "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாமலா?" என்றாள்.

"தெரியாமத்தான். யாரையும் கேக்கலை. என்னை நீ என்ன வேணும்னாலும் பேசு. அதுக்குத்தான் வந்தேன்."

"ஒங்களப் பேசி என்னக்கா ஆவப்போவுது. ஒங்க வீட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு." அவள் குனிந்து ஒரு மிளகாயை எடுத்து, காம்பைக் கிள்ளினாள். "அந்த டாக்டரு மயங்கிக் கெடந்தப்ப நீங்கதான் தண்ணி குடுத்தீகளா?"

"ஆமா."

"எதுக்கு?"

"என் ஆளும் அதுல இருந்தாரு பஞ்சவர்ணம். நானும் இருந்தேன். டாக்டரை மட்டும் எப்படிக் கேள்வி கேக்கறது?"

"அது சரிதேன். ஒங்களால கேக்க முடியாது." பஞ்சவர்ணத்தின் குரலில் கோபமே இல்லை. கடையில் பொருள் இருக்கிறதா என்று விசாரிப்பது மாதிரிதான் இருந்தது. "எங்க ஆளு எதுலயும் கையெழுத்துப் போடலியே."

இருளாயி அந்த நான்கு பக்கத்தையும் மடித்தாள்.

"அந்தாளு இன்னமும் அங்கனதேன் இருக்காரா?"

"இருக்காரு. ஐப்பசியில திரும்பவும் நடை ஆரம்பிப்பாங்க."

"கடிகாரத்தப் பாத்துத்தேன் தண்ணி குடிப்பாரு, இல்ல?"

"ம்."

பஞ்சவர்ணம் மிளகாயைக் களத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"பாஸ்போட்டு எடுக்க என்னென்ன வேணும்க்கா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள் இருளாயி. எதைச் சொல்லி வேண்டாம் என்பது என்று தெரியவில்லை. தான் போனபோது யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் கேட்டிருக்கவும் மாட்டாள்.

"ஆதார் கார்டு," என்றாள். "பொறந்த தேதிக்கு ஏதாவது சர்டிபிகேட்டு..."

"இருங்க, இருங்க. எழுதிக்கிறேன்," என்று கையை உதறிக்கொண்டு பஞ்சவர்ணம் வீட்டுக்குள் போனாள்.